கப்பலில் உடம்பு சரியில்லாமல் போனால்: முதன்முறையாக உல்லாசக் கப்பலேறும் குடும்பங்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

சிங்கப்பூரின் மரினா பே உல்லாசக் கப்பல் முனையத்திலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் மூன்று நான்கு நாள் பயணமாகப் புறப்படும் கப்பல்களில் இப்போது தமிழ்க் குடும்பங்களை நிறையப் பார்க்க முடிகிறது. தாத்தா பாட்டியில் தொடங்கிக் கைக்குழந்தை வரை பத்துப் பன்னிரண்டு பேராக வருகிறார்கள். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் விமானத்தில் வந்திறங்கி மறுநாளே கப்பலேறுகிறவர்களும் உண்டு. சிலமுறை போய்வந்தவன் என்பதால் புதிதாகப் போகிறவர்கள் என்னிடம் விசாரிப்பார்கள். சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதற்கு அடுத்தபடியாக அவர்கள் கேட்பது, கொவிட் காலத்து விதிமுறைகள் இன்னும் இருக்கின்றனவா என்பதுதான்.

பயணத்துக்கு முன் கட்டாயப் பரிசோதனை, தடுப்பூசிச் சான்றிதழ், முகக்கவசம் ஆகிய கண்ணுக்குத் தெரிந்த விதிகள் பெரும்பாலான கப்பல்களில் போய்விட்டன. ஆனால் ஏறுமுன் உடல்நிலையை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும், நோயுற்றவரை அறைக்குள்ளேயே இருக்கச் சொல்லக் கப்பலுக்கு அதிகாரம் உண்டு என்பதும், துறைமுகம் அனுமதி மறுத்தால் கப்பல் வழியை மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அப்படியே இருக்கின்றன. ஆகவே, இரண்டு மூன்று நாள் அறையிலேயே அடைந்து கிடக்க நேர்ந்தாலும் சமாளிக்கும்படி முன்பதிவு செய்யுங்கள், பெட்டி கட்டுங்கள். உடம்புக்கு ஏதாவது வந்தால் மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். கீழே எழுதியிருப்பவை எல்லாம் இதன் விரிவுதான்.

விதிகள் வந்த வழி

விதிகளின் காரணம் தெரிந்தவர்களுக்கு அவற்றைப் பின்பற்றுவது எளிது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கஹாமா துறைமுகத்தில் டைமண்ட் பிரின்சஸ் கப்பல் நிறுத்திவைக்கப்பட்டபோது அதில் பயணிகளும் ஊழியர்களுமாக 3,711 பேர் இருந்தார்கள்; முடிவில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. பயணிகள் அறைகளில் அடைபட்டிருக்க, அவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் துணி துவைத்தவர்களும் இருவர் மூவராக ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டு வேலை பார்த்த கப்பல் ஊழியர்கள்தான். அவர்களில் 132 பேர் இந்தியர்கள். மார்ச் 14ஆம் தேதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் உல்லாசக் கப்பல்களின் பயணங்களை நிறுத்தி உத்தரவிட்டது. உலகின் பிற பகுதிகளிலும் கப்பல்கள் நங்கூரமிட்டன.

ஆசியாவில் முதலில் மீண்டு வந்த இடங்களில் ஒன்று சிங்கப்பூர். 2020 நவம்பரில் வேர்ல்ட் டிரீம் கப்பலும் டிசம்பரில் குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பலும், எந்த ஊரிலும் நிற்காமல் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்களைத் தொடங்கின. சிங்கப்பூர்வாசிகள் மட்டுமே ஏறலாம், கொள்ளளவில் பாதிக்கு மேல் ஆட்களை ஏற்றக்கூடாது, ஏறுமுன் பரிசோதனை கட்டாயம், யார் யாருடன் நெருங்கியிருந்தார்கள் என்பதைப் பதிவுசெய்யும் கருவி எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும் என்பவை அன்றைய நிபந்தனைகள். அந்த டிசம்பரில் குவாண்டம் கப்பலில் 83 வயதுப் பெரியவர் ஒருவர் வயிற்றுப்போக்கு என்று கப்பலின் மருத்துவ அறைக்குப் போனார். விதிப்படி எடுத்த பரிசோதனையில் தொற்று இருப்பதாக முடிவு வந்ததால் 1,680 பயணிகளோடும் 1,148 ஊழியர்களோடும் கப்பல் டிசம்பர் 9ஆம் தேதி முன்கூட்டியே கரைக்குத் திரும்பியது. தொடர்பறியும் பணி முடியும்வரை பயணிகள் அறைகளிலேயே காத்திருந்தார்கள். கரையில் செய்த மறுபரிசோதனைகளில் அவருக்குத் தொற்றே இல்லை என்று தெரிந்தது. அதைக் கேலியாகப் பேசியவர்களை எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால், அந்தப் பயணத்தில் ஒவ்வொருவரும் அவரவர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார்கள். தாமாகவே மருத்துவ அறைக்கு நடந்துபோன அந்தப் பெரியவரும்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி கொவிட்டை உலகளாவிய அவசரநிலைப் பட்டியலிலிருந்து நீக்கியது. இன்று ஒரு கப்பல் பயணி அதிகம் சந்திக்கக்கூடியவை சளிக்காய்ச்சலும் நோரோ வைரஸ் எனப்படும் வாந்தி-பேதியும்தான். இவற்றைச் சமாளிக்கவும் கொவிட் காலத்தில் பழகிய ஒழுங்குகளே பயன்படுகின்றன.

முதல் படி: முன்பதிவுக்கு முன் மூன்று முடிவுகள்

அறையைத் தேர்ந்தெடுப்பது முதலாவது. சன்னலே இல்லாத உள் அறை மலிவு. ஆரோக்கியமாக இருக்கும்வரை அதில் ஒரு குறையும் இல்லை, தூங்குவதற்கு மட்டும்தானே அறை என்று சொல்வார்கள். யோக்கஹாமாவில் அதே உள் அறைகளில் இருந்தவர்களுக்குப் பகலா இரவா என்றே தெரியவில்லை. முறைவைத்து மேல்தளத்தில் சிறிது நேரம் நடக்கவிட்டபோதுதான் வெளிக்காற்றைக் கண்டார்கள். எல்லோருக்கும் மாடம் (பால்கனி) வைத்த அறை எடுங்கள் என்று சொல்லமாட்டேன், செலவு கட்டுப்படியாகாது. குடும்பத்தில் வயதானவர்கள் தங்கும் ஓர் அறையையாவது மாடத்துடன் எடுங்கள்.

அடுத்தது, யாரை யாருடன் தங்கவைப்பது என்பது. நாம் வழக்கமாகப் பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டியுடன் படுக்கவைத்துவிட்டு நிம்மதியாக இருப்போம். ஒருவருக்கு நோய் வந்தால் அதே அறையில் இருப்பவர்களையும் வெளியே வராமல் இருக்கச் சொல்லும் வாய்ப்பு உண்டு என்பதால், பெரியவர்களுடன் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒருவரை மட்டும் வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பெற்றோர் அறையில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது காப்புறுதி. கப்பலில் மருத்துவரும் செவிலியரும் உண்டு, ஆனால் அது கட்டண மருத்துவம்; தொகை உங்கள் அறைக் கணக்கில் ஏறும், பயணம் முடியும்போது நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு காப்புறுதியிலிருந்து கேட்டுப் பெற வேண்டும். உள்நாட்டு மருத்துவக் காப்பீடு வெளிநாட்டுக் கடலில் பெரும்பாலும் செல்லாது. பயணக் காப்புறுதி வாங்கும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கப்பல் பயணம் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, கொவிட்டுக்கு விலக்கு ஏதேனும் உண்டா, அறையில் தனிமைப்படுத்தப்பட்டால் நாளொன்றுக்கு ஏதாவது கிடைக்குமா, அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் அந்தச் செலவு அடங்குமா. எந்த ஊரிலும் நிற்காத பயணம் என்றால், அதை வெளிநாட்டுப் பயணமாக ஒப்புக்கொள்கிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

பயணச்சீட்டின் ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை. முழுவதும் படிக்க வேண்டியதில்லை. உடல்நலம், வழிமாற்றம், ரத்து ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் படியுங்கள். கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால் அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்பக் கிடைக்கும், முழுப்பணம் கிடைக்காது என்பதை அங்கேதான் எழுதியிருப்பார்கள்.

இரண்டாம் படி: புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரங்கள்

கொவிட் தடுப்பூசி போட்டுக்கொள்வதாக இருந்தால் இப்போதே போட்டுக்கொள்ள வேண்டும். உடம்பில் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். அறுபதைக் கடந்தவர்கள் சளிக்காய்ச்சல் தடுப்பூசியையும் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

மருந்துப் பையைக் கைப்பெட்டியில் வையுங்கள். பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொண்டு மாலையில்தான் அறைவாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகள் பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, மருத்துவச் சீட்டின் நகலுடன் இருக்க வேண்டும். வெப்பமானி, பாராசிட்டமால், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், நான்கைந்து முகக்கவசங்கள், தொற்றைச் சுயமாகப் பரிசோதிக்கும் கருவி இரண்டு ஆகியவை போதும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கப்பலின் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் அதை மருத்துவப் பிரிவு மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது விதி. எத்தனை பேருக்குப் பேதி என்ற கணக்கு விட்டுப்போகக்கூடாது என்பதே காரணம். பயணிகளிலோ ஊழியர்களிலோ நூற்றுக்கு மூன்று பேருக்கு வந்துவிட்டால் அந்தக் கப்பலின் பெயர் பொதுவில் வெளியிடப்படும். இதைக் கவனிக்கும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே கப்பல்களின் சுகாதாரத்தைச் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண்ணும் போடுகிறது. 86க்குக் கீழே வந்தால் தேர்ச்சி இல்லை. அமெரிக்கப் பக்கம் போகிறவர்கள் கப்பலின் மதிப்பெண்ணை இணையத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டலாம்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள், சிங்கப்பூரில் கப்பலேறிப் பினாங்கு போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவு என்பதைக் கவனித்துப் பலமுறை நுழையும் விசாவைக் கேட்டுப் பெற வேண்டும். சிங்கப்பூருக்குள் வருமுன் மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டிய மின்னியல் வருகை அட்டையிலேயே உடல்நல அறிவிப்பும் இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையத்தளங்களிடம் ஏமாற வேண்டாம்.

மூன்றாம் படி: முனையத்தில்

பயணச்சீட்டில் குறித்த நேரத்துக்கு மட்டும் போங்கள். எல்லோரும் காலையிலேயே குவிவதைத் தவிர்க்கத் தொற்றுக் காலத்தில் பரவலான இந்த நேரப் பங்கீடு, கூட்டம் குறைந்ததால் இன்றும் நீடிக்கிறது.

இங்கே உடல்நலக் கேள்விப் படிவம் வரும். கடந்த சில நாட்களில் காய்ச்சல், இருமல், வாந்தி, பேதி இருந்ததா என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று அழுத்திவிட்டுப் போவது நம்மில் பலருக்கு வழக்கம். கப்பல் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்குள் நுழையும்போது, கப்பலில் யாருக்கு என்ன நோய் என்று கப்பல் தலைவர் (கேப்டன்) கையெழுத்திட்டு ஒரு சுகாதார அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். உங்கள் படிவம் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி. ஒருவர் 'ஆம்' என்று எழுதினால் உடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதும் இல்லை. பெரும்பாலும் செவிலியர் ஒருவர் தனியாக அழைத்துப் பேசி, வெப்பம் பார்த்து, மருத்துவரைக் கேட்டு முடிவெடுப்பார். மூன்று நாளுக்கு முன் வந்து போன காய்ச்சலைச் சொல்லிவிட்டு ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைத்து ஏறிப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஒப்பந்தத்தை மீறியவர் ஆவீர்கள், காப்புறுதியும் கைவிடக்கூடும்.

இடையில் ஒரு செய்தி. இந்த முனையத்துக்குப் பக்கத்திலேயே உள்ள மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகு போகிறது. 1874 முதல் அங்கே தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. பினாங்குப் பக்கம் ஜெரெஜாக் தீவிலும் இதே ஏற்பாடு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் இப்படிப்பட்ட முகாம்களில் நாட்களை எண்ணிக்கொண்டு கிடந்த பிறகே கரை கண்டார்கள். கடல்வழியும் நோய்த்தடுப்புத் தனிமையும் நமக்குப் புதியவை அல்ல.

நான்காம் படி: கப்பலில் முதல் மாலை

அவசரகாலப் பயிற்சியை முடித்துவிட்டே மற்ற எதையும் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் நூற்றுக்கணக்கானோர் தோளோடு தோள் இடிக்க ஒரே இடத்தில் நின்று விளக்கம் கேட்பார்கள். தொற்றுக் காலத்தில் பல நிறுவனங்கள் அதை மாற்றின: கைத்தொலைபேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ காணொளியைப் பார்த்துவிட்டு, உங்களுக்குரிய கூடுமிடத்துக்கு ஒருமுறை நேரில் போய் அட்டையைக் காட்டிப் பதிந்துவிட்டு வர வேண்டும். காணொளியைப் பார்த்ததோடு முடிந்தது என்று நினைத்து நேரில் போகாமல் விட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. ஒலிபெருக்கியில் அறை எண்ணைச் சொல்லி அழைப்பார்கள்.

பிறகு கை கழுவுதல். சாப்பாட்டுக்கூட வாசலில் கிருமிநாசினித் திரவம் வைத்திருப்பார்கள். சில கப்பல்களில் 'வாஷி வாஷி' என்று பாடியபடியே ஊழியர் ஒருவர் கையில் தெளிப்பார். கொவிட்டுக்கு அது உதவும், நோரோ வைரஸை அது சரியாகக் கொல்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் இருபது விநாடியும்தான் அதற்கு மருந்து. கையால் சாப்பிடுகிற நமக்கு இது இரட்டிப்பு முக்கியம். பஃபே வரிசையில் ஆயிரம் பேர் பிடித்த அதே கரண்டியைப் பிடித்துப் பரிமாறிக்கொண்டு, அதே கையைச் சோற்றில் வைக்கிறோம். வரிசையில் நிற்குமுன் கை கழுவுவதில் பாதிப் பயன்தான். தட்டை மேசையில் வைத்துவிட்டு, எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள். பொதுக் கழிவறையிலிருந்து வெளியே வரும்போது கை துடைத்த காகிதத்தாலேயே கதவுப் பிடியைத் திறந்து, காகிதத்தை வாசல் கூடையில் போடுங்கள்.

குழந்தைகளைப் பற்றி ஒரே வரி: அணையாடை (டயப்பர்) அணியும் வயதுக் குழந்தைகளைப் பெரிய நீச்சல் குளத்தில் விடமாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை.

ஐந்தாம் படி: உடம்பு சரியில்லாமல் போனால்

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டுப் பயணத்தில், முதல் நாள் இரவு இரண்டு மணிக்கு என் மாமியார் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடக்கத் தொடங்கினார். எழுபத்தொரு வயது, தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். நான்காவது முறை எழுந்தபோது என் மனைவி தொலைபேசியை எடுத்தாள். “யார்கிட்டயும் சொல்லாதீங்க மாப்பிள்ளை, நடுவழியில எறக்கி விட்ருவாங்க” என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மருத்துவ அறைக்கு நடந்து போகக்கூடாது, அறைத் தொலைபேசியிலிருந்துதான் கூப்பிட வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். நடந்து போனால் மின்தூக்கிப் பொத்தானிலிருந்து கைப்பிடி வரை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போவோம். பதினைந்து நிமிடத்தில் பிலிப்பினோ செவிலியர் ஒருவர் கையுறையும் முகக்கவசமுமாக வந்தார். முதல் முறை எத்தனை மணிக்கு, எத்தனை முறை, வாந்தி உண்டா, கடைசியாக எங்கே என்ன சாப்பிட்டார், ஏதாவது மாத்திரை போட்டாரா, அறையில் யார் யார் என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். ஒவ்வொன்றும் நடந்த நேரத்தை நாங்கள் குறித்து வைத்திருந்ததால் பதில் சொல்வது சுலபமானது. நீங்களும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். மாத்திரை எதையும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டாம், கொடுத்திருந்தால் மறைக்க வேண்டாம்.

விடிந்ததும் இருவர் வந்து படுக்கை விரிப்புகளைத் தனிப் பைகளில் கட்டி எடுத்துக்கொண்டு, கதவுப் பிடி, விளக்குச் சொடுக்கி, தொலைக்காட்சியின் கைக்கருவி வரை மருந்து தெளித்துத் துடைத்தார்கள். பேதி நின்று இருபத்து நான்கு மணி நேரம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது என்று எழுதிய தாளைக் கொடுத்தார்கள். கதவுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு, சாப்பாட்டை அதில் வைத்துத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வாட்டிய ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வந்தபோது மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீனர்கள் காலையில் குடிக்கும் அரிசிக் கஞ்சி சமையலறையில் தினமும் இருக்கும் என்பது நினைவுக்கு வந்து, கோழியும் மீனும் சேர்க்காமல் உப்பு மட்டும் போட்டுத் தரும்படி கேட்டோம். வந்தது. ஊரிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த நார்த்தங்காயை அவர் கைப்பையிலிருந்து எடுத்ததைச் செவிலியர் பார்க்கவில்லை. வீட்டில் செய்த உணவைக் கப்பலில் அனுமதிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கப்பல் பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டியபோது அவரும் அறைக்கூட்டாளியான என் மனைவியும் இறங்க முடியவில்லை. மாடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே விக்டோரியா மணிக்கூண்டையும் சாலையில் போகும் வண்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவழியில் யாரும் இறக்கிவிடவில்லை. மறுநாள் மாலை அறையை விட்டு வெளியே வந்தார்.

தனிமை நாட்களில் கேட்டால் கிடைப்பவை, கேட்காவிட்டால் கிடைக்காமல் போகக்கூடியவை சில உண்டு. முன்பணம் கட்டிய கரைச் சுற்றுலாவை மருத்துவப் பிரிவின் தாளைக் காட்டித் திரும்பப் பெறக் கேட்கலாம். இணைய இணைப்பை இலவசமாகத் தரும்படி கேட்கலாம். தண்ணீர், கழிவறைத் தாள், கூடுதல் துண்டு எல்லாவற்றையும் ஒரே அழைப்பில் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஓர் ஊழியர் உங்கள் வாசலுக்கு வந்து போக வேண்டியிருக்கிறது. உணவைக் கையாளும் ஊழியருக்கு இதே நோய் வந்தால் குணமான பிறகும் நாற்பத்தெட்டு மணி நேரம் வேலைக்கு வரக்கூடாது என்பது பல கப்பல்களில் உள்ள விதி.

சளியும் காய்ச்சலும் என்றால் நடைமுறை சற்றே வேறு. கொவிட் பரிசோதனை செய்வார்கள். தொற்று உறுதியானால் எத்தனை நாள் தனிமை என்பது அந்த நிறுவனத்தையும் அடுத்த துறைமுகத்தின் நாட்டையும் பொறுத்தது. 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவாவுக்குப் போன கப்பலில் 66 பேருக்குத் தொற்று தெரிந்தபோது, அவர்கள் கோவாவில் இறங்கிச் சிகிச்சை பெற மறுத்ததால் கப்பல் மும்பைக்கே திரும்பியது. கப்பல் எந்தக் கரையில் நிற்கிறதோ அந்தக் கரையின் அதிகாரிகள் சொல்வதும் கணக்கில் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆறாம் படி: இறங்கிய பிறகு

மருத்துவக் கட்டண ரசீது, தனிமைப்படுத்தியதற்கான தாள், இறுதி அறைக் கணக்கு ஆகிய மூன்றையும் கப்பலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கரைக்கு வந்தபின் மின்னஞ்சலில் கேட்டுப் பெற நான் ஒருமுறை ஆறு வாரம் காத்திருந்தேன். வீடு திரும்பிய சில நாட்களுக்குள் காய்ச்சலோ பேதியோ வந்தால், மருத்துவரிடம் கப்பலில் போய்வந்ததைச் சொல்லுங்கள். பயண நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். உங்கள் அறையில் அடுத்த குடும்பம் அதற்குள் ஏறியிருக்கும்.